முதல்வரின் மடல் வீடு சேரும் வழி

கற்றல் நோக்கங்கள்

இப்பாடத்தைக் கற்று முடித்தபின் மாணவர்கள்,
• பள்ளிச் சுற்றறிக்கையின் அமைப்பை அறிந்துகொள்வர்.
• செய்தியையும் நினைவூட்டலையும் பிரித்தறிவர்.
• வேற்றுமொழியில் வரும் சுற்றறிக்கையை வீட்டாருக்குத் தமிழில் பிழையின்றி எடுத்துரைப்பர்.
• வியங்கோள், ஏவற்பன்மை, கால எல்லையைக் குறிக்கும் சொற்கள் ஆகியவற்றைப் பொருளறிந்து பயன்படுத்துவர்.

நுழையும் முன்

1. உங்கள் பள்ளியிலிருந்து இறுதியாக வீட்டிற்கு வந்த சுற்றறிக்கை எதைப் பற்றியது?
2. அதை வீட்டில் முதலில் படித்தவர் யார்? படிக்க இயலாதவர் எவரேனும் இருந்தனரா?

பாடப்பகுதி

*முரசும் மடலும்*

ஊராருக்கு ஒரு செய்தியை அறிவிக்க வேண்டுமாயின் அந்நாளில் முரசறைந்தனர். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் முதற்பகுதிக்கு விழாவறை காதை என்பது பெயர். புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நடைபெறும் இந்திர விழாவை ஊருக்கு அறிவிப்பதே அதன் பொருள். வழிவழியாக முரசறையும் குடியிற் பிறந்த ஒருவன் யானையின் பிடரியில் முரசை ஏற்றிக்கொண்டு வருகிறான். முதலில் நகரை வாழ்த்துகிறான்; மழை பொழியவும் மன்னன் செங்கோல் வழுவாதிருக்கவும் வேண்டுகிறான். பின்னர் விழா வருவதைச் சொல்லி, மக்கள் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான். தோரணம் கட்ட வேண்டும்; நிறைகுடமும் விளக்கும் வைக்க வேண்டும்; தெருவில் கிடக்கும் பழைய மணலை நீக்கிப் புதிய மணலைப் பரப்ப வேண்டும்; பகைவரோடு பூசலிடாமல் விலகிச் செல்ல வேண்டும் என்பன அவற்றுட் சில. பசியும் பிணியும் பகையும் நீங்குக என்னும் வாழ்த்தோடு அவன் அறிவிப்பு முடிகிறது.

அவன் உரையில் நான்கு கூறுகள் இருத்தலைக் காண்க: வாழ்த்து, செய்தி, செய்ய வேண்டியவை, முடிவுரை. இன்று ஒரு தொடக்கப் பள்ளியின் முதல்வர் பெற்றோருக்கு எழுதும் சுற்றறிக்கையிலும் இந்நான்கு கூறுகளே உள்ளன. முரசின் இடத்தைத் தாள் பெற்றது. தாளின் இடத்தை இப்போது கைப்பேசியும் பகிர்ந்துகொள்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. முரசறைந்தவன் ஊரார் பேசிய மொழியிலேயே அறிவித்தான். அவன் சொன்னதைக் கேட்க எழுத்தறிவும் தேவைப்படவில்லை. இன்றைய சுற்றறிக்கையோ எழுத்தில் வருகிறது. பெங்களூரு போன்ற நகரில் பெரும்பாலும் வீட்டில் பேசாத மொழியில் வருகிறது. ஆகவே தாள் வீட்டிற்கு வந்துவிட்டது என்பதனால் செய்தியும் வந்துவிட்டது என்று கொள்ளலாகாது.

*சுற்றறிக்கை: ஒரு மாதிரி*

ஒரு தொடக்கப் பள்ளியின் சுற்றறிக்கை எவ்வாறு அமையும் என்பதைக் கீழே காண்க. இது பயிற்சிக்காக எழுதப்பட்ட மாதிரி.

---

தொடக்கப் பள்ளி, பெங்களூரு

சுற்றறிக்கை எண்: 7
நாள்: 8-7-2024, திங்கட்கிழமை

பெறுநர்: 1 முதல் 5 வரையுள்ள வகுப்பு மாணவர்களின் பெற்றோரும் பாதுகாவலரும்

பொருள்: ஜூலை மாதச் செய்திகளும் நினைவூட்டல்களும்

அன்புடையீர்,

வணக்கம். கோடை விடுமுறைக்குப்பின் பிள்ளைகள் மகிழ்வோடு பள்ளிக்கு வரத் தொடங்கியுள்ளனர். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

செய்திகள்

1. பெற்றோர்–ஆசிரியர் கூட்டம் 20-7-2024 சனிக்கிழமையன்று காலை 9 மணிமுதல் 12 மணிவரை அந்தந்த வகுப்பறையில் நடைபெறும். தாயும் தந்தையும் வர இயலாவிடின் பாட்டனாரோ பாட்டியாரோ வரலாம். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி ஆகிய மொழிகளில் எடுத்துரைக்க ஆசிரியர்கள் உடனிருப்பர்.

2. முகரம் திருநாளை முன்னிட்டு 17-7-2024 புதன்கிழமை பள்ளிக்கு விடுமுறை.

3. ஒவ்வொரு வியாழக்கிழமையும் 3, 4, 5ஆம் வகுப்புகளுக்கு நூலக வகுப்பு உண்டு. அன்று முன்வாரம் எடுத்த நூலைத் தவறாது கொடுத்தனுப்புக.

நினைவூட்டல்கள்

1. நகரில் டெங்குக் காய்ச்சல் பரவி வருவதால் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை அணிவித்து அனுப்புக. வீட்டைச் சுற்றி நீர் தேங்கவிடற்க. காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பற்க.

2. புத்தகப் பையின் எடை 1, 2ஆம் வகுப்புகளுக்கு ஒன்றரை கிலோகிராமுக்கும், 3, 4, 5ஆம் வகுப்புகளுக்கு 3 கிலோகிராமுக்கும் மிகாதிருத்தல் வேண்டும். அன்றைய கால அட்டவணைக்குரிய நூல்களை மட்டும் வைக்குமாறு வேண்டுகிறேன்.

3. பிள்ளையை அழைத்துச் செல்ல வருபவர் பள்ளி வழங்கிய அட்டையைக் காட்ட வேண்டும். அட்டையின்றி வருபவருடன் பிள்ளை அனுப்பப்பட மாட்டாது.

4. வீட்டு முகவரியோ கைப்பேசி எண்ணோ மாறியிருப்பின் வகுப்பாசிரியருக்கு எழுத்து வாயிலாகத் தெரிவிக்க வேண்டும்.

கீழுள்ள துண்டில் கையொப்பமிட்டு 12-7-2024 வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புக.

தங்கள் அன்புள்ள,
முதல்வர்

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

ஒப்புகைத் துண்டு

சுற்றறிக்கை எண் 7ஐப் படித்தேன் / படிக்கக் கேட்டேன்.

மாணவர் பெயர்: ................ வகுப்பு: ........ பிரிவு: ........
பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம் / கைந்நாட்டு: ................

---

*செய்தியும் நினைவூட்டலும்*

மாதிரியில் இரு பகுதிகள் உள்ளன. கூட்டம் நடைபெறும், விடுமுறை உண்டு என்பன செய்திகள், அறியாதவற்றை அறிவிக்கின்றன. பையின் எடை, அழைத்துச் செல்வோர் அட்டை என்பன நினைவூட்டல்கள். முன்பே அறிந்தவற்றை மறவாதிருக்கச் செய்கின்றன. ஊட்டுதல் என்பது குழந்தைக்குச் சோறு ஊட்டுவதைக் குறிக்கும் சொல். ஒருமுறை ஊட்டினால் என்றைக்கும் பசி தீர்ந்துவிடாது. நினைவும் அத்தகையதே. முதல்வர் ஒன்றையே மாதந்தோறும் எழுதுவதைக் கண்டு சலிப்படைய வேண்டா.

ஒவ்வொரு நினைவூட்டலின் பின்னும் ஒரு காரணம் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிசுக் கொசு பகலில் கடிப்பது. தேங்கிய நன்னீரில் முட்டையிடுவது. பிள்ளைகள் பகற்பொழுதின் பெரும்பகுதியைப் பள்ளியில் கழிப்பதால் முழுக்கைச் சட்டை வேண்டப்படுகிறது. புத்தகப் பையின் எடைக்கும் வரம்பு உண்டு. 1, 2ஆம் வகுப்புகளுக்கு ஒன்றரை கிலோகிராம், 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு 2 முதல் 3 கிலோகிராம் என மத்திய அரசு 2018 நவம்பரில் அறிவித்தது. 2020ஆம் ஆண்டில் வெளியான புத்தகப் பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்றது. காரணம் தெரிந்தால் கட்டளை சுமையாகத் தோன்றாது. ஆகவே சுற்றறிக்கையை வீட்டில் எடுத்துரைக்கும்போது, என்ன செய்ய வேண்டும் என்பதோடு ஏன் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று.

*ஒரு கையொப்பத்தின் மதிப்பு*

சில சுற்றறிக்கைகள் பெற்றோரின் ஒப்புதலைக் கோருவன. அவற்றில் இடப்படும் கையொப்பம் பிள்ளையின் உடல்நலத்தையே தீர்மானிக்கக் கூடும்.

தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரு நோய்களையும் தடுக்கும் ஊசியைப் போடும் பேரியக்கம் 2017 பிப்ரவரி 5ஆம் நாள் பெங்களூருவில் தொடங்கி வைக்கப்பட்டது. கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவுகள் ஆகிய பகுதிகளில் ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை முதல் பதினைந்து வயது நிறையாத சிறார் வரை ஏறத்தாழ 3.6 கோடிப் பேருக்கு இவ்வூசியைப் போடுவது நோக்கம். சிறாரிற் பெரும்பாலோர் பள்ளியில் இருப்பதால் பள்ளிகளிலேயே ஊசி போடப்பட்டது. தட்டம்மை மிக விரைவாகத் தொற்றும் நோய். ரூபெல்லா சிறாருக்குச் சிறு காய்ச்சலாக வந்து போகலாம். ஆனால் கருவுற்ற தாய்க்குத் தொடக்க மாதங்களில் வந்தால் பிறக்கும் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் தாக்கும். ஒரு பிள்ளை ஊசி போட்டுக்கொள்வதனால் அப்பிள்ளையோடு பக்கத்து வீட்டுக் குழந்தையும் காக்கப்படுகிறது.

அவ்வேளையில் ஊசியைப் பற்றிய வதந்திகள் வாட்சப் வழியே பரவின. தமிழ்நாட்டில் பெற்றோர் பலர் அஞ்சி, ஊசி போடும் நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அரசும் மருத்துவர்களும் மீண்டும் மீண்டும் விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று. இயக்கத்திற்கு வகுத்த காலத்தையும் நீட்டிக்க நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. வதந்தி எப்போதும் வீட்டு மொழியில் வருகிறது. பாட்டிக்கும் புரியும் சொற்களில், அறிந்தவர் வாய்வழியாக வருகிறது. பள்ளியின் மடல் வேற்றுமொழியில் வந்து, பைக்குள்ளேயே கிடந்துவிட்டால் வதந்திக்கு மறுமொழி கூற வீட்டில் எவரும் இரார். மடலைத் தமிழில் படித்துக் காட்ட ஒருவர் இருந்தால், வீட்டார் இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து முடிவு செய்ய இயலும். ஐயம் எழுந்தால் ஆசிரியரையோ மருத்துவரையோ கேட்கவும் இயலும்.

கொரோனாக் காலத்திலும் ஒப்புதல் மடல் இன்றியமையாததாயிற்று. 2020 மார்ச்சில் மூடப்பட்ட கர்நாடகப் பள்ளிகளில், 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகள் 2021 அக்டோபர் 25ஆம் நாள் மீண்டும் தொடங்கின. ஏறக்குறைய பத்தொன்பது மாதங்கள் வகுப்பறையைக் காணாத பிள்ளைகள் பெற்றோரின் ஒப்புதல் மடலுடன் பள்ளிக்கு வந்தனர். அம்மடலில் கையொப்பமிட்ட ஒவ்வொரு பெற்றோரும், நோயச்சம் ஒருபுறமும் கல்வியிழப்பு மறுபுறமுமாக எண்ணிப் பார்த்தே முடிவெடுத்தனர். படித்துப் புரிந்துகொள்ளாமல் இடும் கையொப்பத்தில் அத்தகைய முடிவு ஏதுமில்லை.

*அவசரச் செய்தி*

எல்லாச் சுற்றறிக்கைகளும் ஐந்து நாள் அவகாசம் தருவனவல்ல. 2023 டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை காலையில் பெங்களூருவிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. பிள்ளைகள் பள்ளியில் இருந்த நேரம் அது. சில பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துச் செல்லுமாறு பெற்றோருக்குச் செய்தி அனுப்பின. பெற்றோர் பதைபதைத்துப் பள்ளிகளுக்கு விரைந்தனர். காவல்துறையினரும் வெடிகுண்டு கண்டறியும் குழுவினரும் பள்ளிகளைச் சோதித்தனர். எங்கும் வெடிபொருள் இல்லை. மிரட்டல் பொய்யானது. பெற்றோர் அஞ்ச வேண்டா என முதலமைச்சர் சித்தராமையா கேட்டுக்கொண்டார்.

இத்தகைய நேரத்தில் பள்ளி அனுப்பும் செய்தி நான்கு வினாக்களுக்கு விடை கூற வேண்டும்.

1. நிகழ்ந்தது என்ன?
2. பிள்ளைகள் இப்போது எங்கே, எந்நிலையில் இருக்கிறார்கள்?
3. பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?
4. பெற்றோர் செய்யக் கூடாதது என்ன?

இவற்றுள் இரண்டாம் வினாவின் விடையே பெற்றோர் முதலில் தேடுவது. ஆகவே 'பிள்ளைகள் அனைவரும் நலம்' என்பது முதல் வரியிலேயே இருத்தல் சிறப்பு. அச்செய்தியைப் பெறும் பாட்டி அம்மொழி அறியாதவராயின், அவருடைய கைப்பேசியில் ஒலி எழுந்தும் செய்தி சேராது. அத்தருணத்தில் கற்றுக்கொடுக்க நேரமும் இராது. மாதந்தோறும் வரும் எளிய சுற்றறிக்கைகளை வீட்டில் சேர்ந்து படிக்கும் பழக்கமே அவசர நாளில் கைகொடுக்கும். பள்ளியின் எண் எது, முதல்வரின் செய்தி எவ்வடிவில் வரும், பிள்ளையை அழைத்துவர எந்த அட்டை வேண்டும் என்பவற்றை முன்பே அறிந்த வீடு அவ்வேளையில் தடுமாறாது.

*பல மொழிகள் வாழும் நகரம்*

பெங்களூருவில் கன்னடம் மண்ணின் மொழி. 1809இல் இங்குப் படைக் குடியிருப்பு அமைந்தபின் சென்னை மாகாணத்திலிருந்து படையினரும் வணிகரும் கைவினைஞரும் வந்து குடியேறினர். அல்சூர், சிவாஜிநகர் முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. பின்னாளில் ஆலைகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் பல மாநிலத்தார் வந்தனர். இடமாற்றத்திற்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் கல்வி தடைப்படாமல் பயிலும் பொருட்டு 1963இல் தொடங்கப்பட்ட மத்தியப் பள்ளிகளும் இந்நகரில் உள்ளன. அவற்றின் ஒரே வகுப்பறையில் பல தாய்மொழிகளைப் பேசும் பிள்ளைகள் அமர்ந்திருப்பர். முதல்வர் ஒருவரே அத்தனை மொழிகளிலும் மடல் எழுதுதல் எளிதன்று. ஆகவே அனைவருக்கும் பொதுவான மொழியில் எழுதுகிறார்.

அப்பொதுமொழிக்கும் வீட்டு மொழிக்கும் இடையேயுள்ள சிறு தொலைவைக் கடப்பவர் மாணவரே. தமிழை விருப்பப் பாடமாகக் கற்கும் நீங்கள் அத்தொலைவைக் கடக்கத் தக்கவர்கள். பாட்டியும் பாட்டனும் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வீடுகள் பல. பெற்றோர் பணிக்குச் சென்றபின், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பார்த்துக்கொள்பவரும் அவர்களே. மடல் அவர்களுக்குப் புரியாவிடின், அது உரியவரைச் சென்று சேரவில்லை என்றே பொருள். மாதிரிச் சுற்றறிக்கையின் ஒப்புகைத் துண்டில் 'படிக்கக் கேட்டேன்' என்னும் தொடர் இருப்பதை மீண்டும் காண்க. எழுதப் படிக்க அறியாத மூதாட்டியையும் அத்தொடர் பள்ளிக் குடும்பத்தில் ஒருவராக்குகிறது. படிக்கக் கேட்க வேண்டுமாயின் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும் அல்லவா?

*எடுத்துரைப்போர் கடமை*

மடலை மொழிபெயர்த்துச் சொல்பவர் மூன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுதல். தமக்கு விருப்பமில்லாத வரியை விட்டுவிடுதல் தூதுவர்க்கு அழகன்று. தேர்வு மதிப்பெண்ணைப் பற்றிய வரியாயினும், ஒழுங்கைப் பற்றிய வரியாயினும் உள்ளவாறே சொல்ல வேண்டும். பெற்றோர் பள்ளியின் மீதும் பிள்ளையின் மீதும் கொண்ட நம்பிக்கை இதனால் வளரும்.

இரண்டாவது, நாளையும் கிழமையையும் சேர்த்துச் சொல்லுதல். 'நாளை' என்று மடலில் எழுதியிருந்தால், அது மடலின் நாளுக்கு மறுநாள். படித்த நாளுக்கு மறுநாள் அன்று. ஒரு நாள் தாழ்ந்து படிக்கும் வீட்டில் கூட்டம் முடிந்துபோயிருக்கும்.

மூன்றாவது, கட்டாயத்தையும் விருப்பத்தையும் பிரித்துக் காட்டுதல். 'வரலாம்' என்பது வேறு. 'வர வேண்டும்' என்பது வேறு. சுற்றுலாவிற்குப் பணம் கட்டுவது விருப்பம் என்று மடல் கூறியிருக்க, கட்டாயம் என்று வீட்டில் சொல்லப்பட்டால் வருவாய் குறைந்த குடும்பம் கடன் வாங்கவும் நேரலாம். ஒரு சொல்லின் பிழை ஒரு மாதச் செலவைக் குலைத்துவிடும்.

*வீட்டிலிருந்து பள்ளிக்கு*

சுற்றறிக்கை ஒருவழிப் பாதையன்று. குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும் எனவும், அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் எனவும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் எனவும் அச்சட்டம் கூறுகிறது. பெற்றோரின் சொல்லுக்குப் பள்ளியில் இடம் உண்டு என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் கூட்டத்தின் நாள் தெரியாதவர் கூட்டத்திற்கு வர இயலாது. மடலின் பொருள் அறியாதவர் வினா எழுப்ப இயலாது.

சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு முதல் பள்ளிகள் கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியே பெற்றோருக்கு அறிவிப்புகளை அனுப்புகின்றன. பெற்றோர் அதிலேயே ஒப்புதலும் அளிக்கின்றனர். கருவி எத்துணை விரைவாயினும், வீட்டில் ஒருவர் அதைத் திறந்து, பொருளறிந்து, பிறர்க்கும் சொன்னாலன்றிப் பயன் விளையாது. அப்பணியை இன்று மாலை முதலே நீங்கள் மேற்கொள்ளலாம். புத்தகப் பையைத் திறந்து, மடலை எடுத்து, வீட்டில் மூத்தவர் அருகில் அமர்ந்து, நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுக. அவர் வினவினால் விடை கூறுக. விடை தெரியாவிடின் வினாவை எழுதிக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வருக.

சொற்பொருள்

சுற்றறிக்கை – பலருக்கும் பொதுவாக அனுப்பப்படும் அறிவிப்பு
நினைவூட்டல் – மறவாதிருக்க மீண்டும் கூறுதல்
பாதுகாவலர் – பெற்றோர் இடத்தில் இருந்து பிள்ளையைப் பேணுபவர்
ஒப்புதல் – இசைவு, சம்மதம்
ஒப்புகை – பெற்றுக்கொண்டதை உறுதிசெய்தல்
கைந்நாட்டு – பெருவிரல் அடையாளம்
வதந்தி – உறுதியற்ற பொய்ச் செய்தி
அவகாசம் – ஒரு செயலுக்குத் தரப்படும் கால அளவு
சீர்தூக்குதல் – இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்தல்

இலக்கணம் அறிவோம்

அ. வியங்கோள்: வாழ்த்து, வேண்டல், விதித்தல் முதலிய பொருளில் மூவிடத்திற்கும் பொதுவாக வருவது வியங்கோள் வினைமுற்று. க, இய, இயர் முதலியன அதன் விகுதிகள்.
எடுத்துக்காட்டு: அனுப்புக, வாழிய, வாழியர்.
எதிர்மறை: அனுப்பற்க, மறவற்க.
சுற்றறிக்கையில் ஒருவரையோ பலரையோ தனித்துக் குறிக்காமல் அனைவர்க்கும் பொதுவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் வியங்கோள் பொருத்தமாக அமைகிறது.

ஆ. ஏவற்பன்மை: முன்னிலையில் உள்ள பலரை ஏவும்போது பழந்தமிழில் 'மின்' என்னும் விகுதி வரும். காண்மின், கேண்மின் என்பன சான்றுகள். இக்காலத்தில் காணுங்கள், கேளுங்கள் என்கிறோம்.

இ. கால எல்லை: கீழ்வரும் தொடர்களின் பொருள் வேறுபாட்டை உணர்க.
10ஆம் நாளன்று தருக – அந்த ஒரு நாளில் மட்டும்.
10ஆம் நாளுக்குள் தருக – அந்நாள் முடிவதற்குள், அதற்கு முன்னும் தரலாம்.
10ஆம் நாள்வரை தரலாம் – அந்நாளோடு காலம் முடிகிறது.
10ஆம் நாள்முதல் தரலாம் – அந்நாளில் காலம் தொடங்குகிறது.

ஈ. உம்மையும் ஓகாரமும்: 'தாயும் தந்தையும் வருக' என்றால் இருவரும் வர வேண்டும். 'தாயோ தந்தையோ வருக' என்றால் ஒருவர் வந்தால் போதும்.

உ. பிரித்தறிக:
சுற்றறிக்கை = சுற்று + அறிக்கை
நினைவூட்டல் = நினைவு + ஊட்டல்
கையொப்பம் = கை + ஒப்பம் (யகர உடம்படுமெய் தோன்றியது)

பயிற்சிகள்

I. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. விழாவறை காதையில் முரசறைவோன் மக்களிடம் கூறியவற்றுள் மூன்றினை எழுதுக.
2. டெங்குக் காலத்தில் முழுக்கைச் சட்டை அணியச் சொல்வது ஏன்?
3. அவசரச் செய்தியில் முதல் வரியாக வர வேண்டுவது எது? ஏன்?
4. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு எத்தனை பங்கு இடம் உண்டு?

II. மாதிரிச் சுற்றறிக்கையைப் படித்து விடை தருக.
1. ஒப்புகைத் துண்டைத் தருவதற்கு இறுதி நாள் எது?
2. பெற்றோர் கூட்டத்திற்குப் பாட்டியார் மட்டும் வரலாமா? எத்தொடரால் அறிந்தீர்?
3. நான்காம் வகுப்பு மாணவர் தம் நூலக நூலை எந்தக் கிழமையில் கொண்டுவர வேண்டும்?
4. கட்டாயமானவற்றையும் விருப்பத்திற்குரியதையும் இரு பத்தியாகப் பிரித்து எழுதுக.

III. கோடிட்ட இடத்தைப் பொருத்தமான சொல்லால் நிரப்புக. (அன்று, க்குள், வரை, முதல்)
1. விளையாட்டு விழா டிசம்பர் 5ஆம் நாள்______ மட்டுமே நடைபெறும்.
2. ஒப்புதல் படிவத்தைத் திங்கட்கிழமை______ தருக. அதன்பின் ஏற்கப்பட மாட்டாது.
3. கோடை விடுமுறை முடிந்து ஜூன் 24ஆம் நாள்______ வகுப்புகள் தொடர்ந்து நடைபெறும்.
4. கண்காட்சி தொடங்கிவிட்டது; வெள்ளிக்கிழமை______ திறந்திருக்கும்.

IV. வியங்கோளாக மாற்றுக.
1. நீர்ப்புட்டி கொடுத்து அனுப்புங்கள்.
2. கூட்டத்திற்கு வாருங்கள்.
3. வதந்தியை நம்பாதீர்கள்.
4. அட்டையை மறக்காதீர்கள்.

V. நெடுவினா
'தாள் வீட்டிற்கு வந்தால் மட்டும் செய்தி வந்ததாகாது.' 2017ஆம் ஆண்டுத் தடுப்பூசி இயக்கத்தைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை விளக்குக.

VI. எழுதுக
உங்கள் பாட்டி பெற்றோர் கூட்டத்திற்கு வர விரும்புகிறார். ஆனால் அவரால் மாடிப்படி ஏற இயலாது. கீழ்த்தளத்தில் ஆசிரியரைச் சந்திக்க இசைவு வேண்டி, அவர் சொல்ல நீங்கள் எழுதுவதாக, முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் வரைக.

VII. செயல்பாடு
உங்கள் பள்ளியில் இம்மாதம் வந்த சுற்றறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதி, வீட்டில் மூத்தவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுக. அவர் கேட்ட வினாக்களைப் பணிப்புத்தகத்தில் குறித்து, 'படிக்கக் கேட்டேன்' என்னும் தொடரின் கீழ் அவருடைய கையொப்பத்தையோ கைந்நாட்டையோ பெற்று வருக.